முறை வண்டி

நியாயம் என்றால் என்ன என்று ஊர் ஊராகக் கேட்டுத் திரிய 2022 ஆகஸ்டில் எனக்கு ஆறு மாதச் சம்பளம் கிடைத்தது. செயலி வழியாக வாடகைக் கார் அனுப்பும் ஒரு நிறுவனம் (பெயர் இங்கே வேண்டாம்), தன்னிடம் வேலை செய்பவர்கள் தாங்கள் நியாயமாக நடத்தப்படுவதாக நினைக்கிறார்களா என்று தெரிந்துகொள்ள விரும்பியது. கன்னியாகுமரி மாவட்டம் என் பங்கு. ஓட்டுநர்கள், அலுவலக ஊழியர்கள், தொலைபேசியில் புகார் கேட்பவர்கள் என எல்லாரிடமும் பேச வேண்டும்.

'வேலை செய்பவர்கள்' என்று நான் எழுதியதை முதல் வாரமே அடித்துத் திருத்தினார்கள். ஓட்டுநர்களைப் 'பங்குதாரர்கள்' என்று எழுத வேண்டுமாம். ஊபர் ஓட்டுநர்களைச் சுயதொழில்காரர்களாகக் கருத முடியாது, தொழிலாளர்களுக்குரிய உரிமைகள் அவர்களுக்கு உண்டு என்று பிரிட்டன் உச்ச நீதிமன்றம் 2021 பிப்ரவரியில் தீர்ப்பளித்திருந்தது. அதை முன்னுரையில் ஒரு வரி சேர்க்கலாமா என்று கேட்டேன். சிரித்துக்கொண்டே வேண்டாம் என்றார்கள்.

பையில் மூன்று நியாயங்களைப் போட்டுக்கொண்டு கிளம்பினேன். உழைப்புக்கு ஏற்ற கூலி கிடைக்கிறதா என்பது பங்கீட்டு நீதி. 1960-களில் ஆடம்ஸ் என்ற உளவியலாளர் பேசியது. முடிவு எடுக்கப்பட்ட விதம் சரியா என்பது நடைமுறை நீதி. திபோ, வாக்கர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் நீதிமன்ற வழக்குகளைப் போன்ற சோதனைகளை நடத்தி 1975-இல் காட்டியது அது: தன் பக்கத்தைச் சொல்ல இடம் கிடைத்தால், பாதகமான தீர்ப்பைக்கூட மனிதர்கள் ஓரளவு ஏற்றுக்கொள்கிறார்கள். மனிதராக மதித்துப் பேசினார்களா என்பது மூன்றாவது. கேள்வித்தாளில் ஒவ்வொரு கேள்விக்கும் ஐந்து கட்டங்கள். 'முழுமையாக ஒப்புக்கொள்கிறேன்' என்பதில் தொடங்கி 'முற்றிலும் மறுக்கிறேன்' வரை.

முதல் பத்து நேர்காணல்களும் வீண். தவறு என்னுடையதுதான். நிறுவனத்தின் நாகர்கோவில் அலுவலகத்திலேயே, மேசைமேல் ஒலிப்பதிவுக் கருவியை வைத்துக்கொண்டு கேட்டேன். பத்துப் பேரும் 'ஒரு குறையும் இல்லை மேடம்' என்றார்கள். ஒப்புதல் படிவத்தில் கையெழுத்துக் கேட்டபோது ஒருவர் பேனாவை மூடி என்னிடமே திருப்பித் தந்தார். "ஏற்கெனவே ஒருமுறை படிக்காமல் கையெழுத்துப் போட்டாயிற்று" என்றார்.

வடசேரி பேருந்து நிலையத்துக்கு எதிரே ஒரு சாயாக்கடையில் முயன்றேன். ஒரு பெண் குறிப்பேட்டோடு பெஞ்சில் உட்கார்ந்ததும் கடையே அமைதியாகிவிட்டது. கடைசியில் வேலைக்கு உதவியது வண்டியேதான். கட்டணம் கொடுத்துப் பின் இருக்கையில் ஏறிக்கொள்வேன். தோட்டியோட்டிலிருந்து தக்கலை வரை போகும் சாலையில், எதிரே வரும் பஸ்ஸைப் பார்த்துக்கொண்டே அவர்கள் பேசுவார்கள். முக்கியமான இடம் வரும்போது மட்டும் கண்ணாடியில் என் கண்களைப் பார்ப்பார்கள். முகத்துக்கு நேரே சொல்ல முடியாததைக் கண்ணாடிக்குச் சொல்வது எளிது போலும்.

சுசீந்திரத்துக்காரர் ஒருவர், ஐம்பது வயதைத் தாண்டியவர், அப்படித்தான் பேசத் தொடங்கினார். பதினெட்டு ஆண்டுகள் ஸ்டாண்டில் ஓட்டிவிட்டுச் செயலிக்கு வந்தவர். 'சவாரிகள் ஒதுக்கப்படும் விதம் நியாயமானது' என்று நான் வாசித்ததும் வண்டியை ஓரம் கட்டினார்.

"மக்களே, ஸ்டாண்டில் முறை என்று ஒன்று இருந்தது. காலையில் நான் நான்காவதாக வந்தால் நான்காவது முறை எனக்கு. எனக்கு முன்னால் நிற்கிறவனுக்குக் கோவளம் வரைக்கும் நல்ல சவாரி கிடைக்கும். எனக்கு ஒழுகினசேரிக்குக் கிடைக்கும். வயிறு எரியும்தான். ஆனால் அவன் முறை அது. கண்ணால் பார்த்தேன். இங்கே என் முறை எது என்று யார் சொல்வார்?"

'நடைமுறை நீதி' என்று நான் மாதக்கணக்கில் சுமந்து திரிந்த சொல்லுக்குள்ளேயே அந்த முறை இருந்திருக்கிறது. எனக்குத்தான் கேட்கவில்லை. அன்றிரவே கேள்வித்தாளில் 'ஒதுக்கப்படும் விதம்' என்பதை அடித்துவிட்டு 'உங்கள் முறை எப்போது என்று உங்களுக்குத் தெரிகிறதா?' என்று எழுதினேன். அதன்பின் யாரும் கட்டத்தில் டிக் அடிக்கவில்லை, பேசினார்கள். (இறுதி அறிக்கை அச்சாகி வந்தபோது இந்தப் பகுதி முழுவதும் 'தகவல் தொடர்பில் சிறு இடைவெளி' என்று சுருங்கியிருந்தது.)

ஸ்டாண்டை நான் சொர்க்கமாகக் காட்டவில்லை. அங்கே புதிதாக வண்டி போட வருகிறவனை உள்ளே விடமாட்டார்கள். பெண் ஓட்டுநர் ஒருவரைக்கூட எந்த ஸ்டாண்டிலும் நான் பார்த்ததில்லை. ஆனால் முறை தவறினால் சத்தம் போடலாம். சங்கத்துச் செயலாளர் ஓடி வருவார். செயலிக்காரர்கள் சத்தம் போட ஓர் இடம் அப்போது இல்லை. இவர்களுக்கென்று தனி நல வாரியம் அமைக்கப்படும் என்ற அறிவிப்பே 2023 சுதந்திர தின உரையில்தான் முதலமைச்சர் மு.க.ஸ்டாலினிடமிருந்து வந்தது.

பணத்தைப் பற்றியும் பேசினார்கள். நம் மாவட்டத்தில் பெரிய சவாரி என்றால் அது திருவனந்தபுரம் விமான நிலையம்தான், நாகர்கோவிலிலிருந்து ஏறத்தாழ 70 கிலோமீட்டர். வளைகுடாவுக்குப் போகிறவரை நள்ளிரவில் ஏற்றி, மார்த்தாண்டம் மேம்பாலம், களியக்காவிளை தாண்டிக் கொண்டுபோய் இறக்க வேண்டும். டிஎன் 74 வண்டி கேரளத்துக்குள் உள்ளூர்ச் சவாரி எடுக்க முடியாது. எனவே திரும்பும் 70 கிலோமீட்டரும் காலி வண்டி. ஸ்டாண்டில் போகவர வாடகை பேசிவிடுவார்கள். செயலி போகும் வழியை மட்டும் கணக்கிடும். ஒவ்வொரு சவாரியின் கட்டணத்திலும் குறைந்தது 80 சதவீதம் ஓட்டுநருக்குப் போக வேண்டும் என்று ஒன்றிய அரசு 2020 நவம்பரில் வெளியிட்ட வழிகாட்டு நெறிமுறைகள் சொன்னதை மார்த்தாண்டத்து இளைஞர் ஒருவரிடம் எடுத்துச் சொன்னேன். "எந்த நூற்றில் எண்பது, அக்கா?" என்றார். என்னிடம் பதில் இல்லை.

புகார் மையத்தில் இருந்த பெண் தக்கலையைச் சேர்ந்தவள். எதிர்முனையில் கத்துகிறவர்களுக்கு அவள் சொல்ல வேண்டிய வாக்கியங்கள் முன்பே எழுதப்பட்டுத் திரையில் இருந்தன. 'உங்கள் சிரமம் எங்களுக்குப் புரிகிறது' என்பது அவற்றில் முதலாவது. ஓட்டுநரின் ஐடி பிளாக் ஆகியிருந்தால் அதற்கான காரணம் அவள் திரையில் வராது. 'சரிபார்ப்பு நிலுவையில்' என்று மட்டும் வரும். மேலே அனுப்பலாம். மேலே யார் என்று அவளுக்கும் தெரியாது. அழைப்பு முடிந்ததும் அவளுக்கும் நட்சத்திர மதிப்பெண் உண்டு. "அவர்களைத் திட்ட வைத்துவிட்டு, எனக்கு எத்தனை நட்சத்திரம் என்று அவர்களிடமே கேட்கிறார்கள்" என்றாள். அவள் என்னிடம் பேசிய நாற்பது நிமிடமும் இடைவேளைக் கணக்கில் போனது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. அந்த வெட்கம் இன்னும் போகவில்லை.

கார்த்திகை பிறந்தது. சபரிமலைக்குப் போகிறவர்களும் வருகிறவர்களுமாகக் கன்னியாகுமரியில் கால் வைக்க இடமில்லை. ஓட்டுநர்களுக்கு ஆண்டின் மிக நல்ல வாரங்கள் இவை. சுசீந்திரத்துக்காரரும் மாலை போட்டிருந்தார். நானும் அவரைச் 'சாமி' என்றே அழைத்தேன். கறுப்பு வேட்டி, நெற்றியில் சந்தனம், மார்பு வரை இறங்கப் பார்க்கும் தாடி. மார்கழித் தொடக்கத்தில் அவருடைய ஐடி பிளாக் ஆனது. ஒரு நாள், இரண்டு நாள் என்று ஒன்பது நாள். தினமும் புகார் மையத்தை அழைத்தார். சிரமம் அவர்களுக்குப் புரிந்தது. வண்டித் தவணை தேதி தாண்டிப் போயிற்று.

வேறு வேலையாக அலுவலகம் போனபோது கணினியில் காரணத்தைப் பார்த்துவிட்டேன்: 'ஆள்மாறாட்டச் சந்தேகம்'. அவ்வப்போது செயலி ஓட்டுநரின் முகத்தைப் படம் பிடிக்கச் சொல்லும். பதிவில் இருப்பது மழித்த முகம். வண்டியில் இருப்பது தாடி.

எந்த ஓட்டுநரின் கோப்பையும் வெளியே பேசக்கூடாது என்று நான் கையெழுத்துப் போட்டிருந்தேன். அன்றிரவு தூக்கம் வரவில்லை என்று எழுதினால் பொய், நன்றாகத் தூங்கினேன். மறுநாள் மாலை அவர் வீட்டுக்குப் போய்ச் சொல்லிவிட்டேன்.

திண்ணையில் உட்கார்ந்திருந்தவர் தாடியைத் தடவிக்கொண்டு சிரித்தார். கொஞ்ச நேரம் சிரிப்பு நிற்கவில்லை. பிறகு, "தப்பு எனக்குப் புரிகிறது சாமி. கள்ளன் ஓட்டக்கூடாது என்றுதானே பார்க்கிறார்கள், பார்க்கட்டும். இதைச் சொல்வதற்கு ஒன்பது நாளா?" என்றார். புதுப்படம் ஏற்றினார். அடுத்த நாள் ஐடி வந்துவிட்டது.

தை முதல் வாரத்தில் அறிக்கையின் கடைசி அத்தியாயத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். காலை ஆறரை மணிக்குத் தொலைபேசி அடித்தது. அவர்தான். மலைக்குப் போய் வந்து, மாலையைக் கழற்றி, முந்தின நாள்தான் தாடியை எடுத்திருக்கிறார்.

"மக்களே," என்றார், "மறுபடியும் நான் நான் இல்லையாம்."