இரும்பின் மேல் என்னதான் நடக்கிறது?
ஜெர்மன் விஞ்ஞானி கெர்ஹார்ட் எர்ட்ல் படித்தது இயற்பியல். 2007-இல் நோபல் கிடைத்ததோ வேதியியலுக்கு, அதுவும் அவருடைய 71-ஆவது பிறந்தநாளன்று!

யூரியா உரம் செய்யத் தேவையான அம்மோனியா, நைட்ரஜனும் ஹைட்ரஜனும் சேர்ந்து இரும்பு வினையூக்கியின் (வினையை வேகப்படுத்தும் பொருள்) மேல்தான் உருவாகிறது. 1913-லிருந்தே இந்த முறையில் அம்மோனியா தொழிற்சாலை ஓடியது. ஆனால் அந்தப் பரப்பில் என்ன நடக்கிறது என்று பல பத்தாண்டுகள் யாருக்கும் உறுதியாகத் தெரியாது. எர்ட்ல் சுத்தமான இரும்புப் படிகத்தை வெற்றிடத்தில் வைத்துப் படிப்படியாகப் பார்த்தார். நைட்ரஜன் மூலக்கூறு முதலில் இரண்டு அணுக்களாகப் பிளக்கிறது. மொத்த வினையையும் மெதுவாக்குவது அந்த ஒரு படிதான். பிறகு ஹைட்ரஜன் ஒவ்வொன்றாக வந்து சேர்கிறது.

எனக்கு அதைவிடப் பிடித்தது அவருடைய பிளாட்டினம் ஆய்வு. கார்பன் மோனாக்சைடும் ஆக்சிஜனும் பிளாட்டினத்தின் மேல் சேரும்போது வினையின் வேகம் சீராக இல்லாமல் ஏறி இறங்குகிறது. எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தால் உலோகத்தின் மேல் சுருள் சுருளாக அலைகள் ஓடுகின்றன. அந்தப் படங்களைத் தேடிப் பாருங்கள், வேதியியல் படிக்கிற பிள்ளைகளுக்கும் காட்டுங்கள்.