சாரம் சரிந்து அண்ணன் கை போனது: இழப்பீடு வாங்கிய அனுபவம்

வழக்கு முழுக்க எங்களிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்பட்டது ஒரே கேள்விதான்: உங்கள் அண்ணன் யாரிடம் வேலை பார்த்தார்? அவர் சென்ட்ரிங் தச்சர், அதாவது கான்கிரீட் ஊற்றுவதற்குப் பலகை அடிப்பவர், அப்போது வயது 40. தளத்துக்குப் பலகை அடிக்கும்போது சாரம் சரிந்து விழுந்ததில் வலது மணிக்கட்டு நொறுங்கிவிட்டது. பில்டர் அவரைத் தெரியவே தெரியாது என்றார், காண்ட்ராக்டர் "என் ஆள் இல்லை, மேஸ்திரி கூட்டி வந்த ஆள்" என்றார், மேஸ்திரி போனையே எடுக்கவில்லை. கட்டட வேலையில் சம்பளச் சீட்டு ஏது, சனிக்கிழமை சாயங்காலம் கைக்கு வரும் கூலிதான். அதனால்தான் இவ்வளவு விவரமாக எழுதுகிறேன், இதே நிலையில் இருக்கும் யாராவது ஒருவருக்காவது உதவட்டும்.

எங்களைக் காப்பாற்றியது முதல் நாள் ஆஸ்பத்திரியில் எழுதிய விபத்துப் பதிவேடு, ஏஆர் காப்பி என்பார்களே அது. கூட வந்த சூப்பர்வைசர், "வீட்டு மாடிப்படியில வழுக்கி விழுந்துட்டார்" என்று டாக்டரிடம் சொல்ல ஆரம்பித்தார். அண்ணன் அந்த வலியிலும், "இல்ல சார், சைட்ல சாரம் சரிஞ்சுது" என்று சொல்லி எந்தக் கட்டடம் என்பதையும் சொன்னார். டாக்டர் அதை அப்படியே எழுதிக்கொண்டார். பிற்பாடு எதிர்த்தரப்பு வக்கீல் எத்தனை விதமாகச் சுற்றி வந்தாலும் கடைசியில் அந்த வரியில் வந்து முட்டிக்கொண்டு நின்றார். அடிபட்டவரோடு போகிறவர்கள் தயவுசெய்து இதைக் கவனியுங்கள், டாக்டர் எழுதும்போது பக்கத்தில் நின்று, விபத்து வேலையிடத்தில் நடந்தது என்பது பதிவாகிறதா என்று பாருங்கள். அப்புறம் போலீஸில் புகார் கொடுத்து எஃப்ஐஆர் நகலையும் வாங்கிவிடுங்கள்.

ஆஸ்பத்திரியில் இருக்கும்போதே காண்ட்ராக்டர் முத்திரைத்தாளோடு வந்தார். சிகிச்சைக்குக் கட்டிய பணத்தையும் சேர்த்து "முழு இழப்பீடும் பெற்றுக்கொண்டேன், இனி எந்த உரிமையும் கோர மாட்டேன்" என்று எழுதியிருந்தது. நாங்கள் கையெழுத்துப் போடவில்லை. போட்டிருந்தாலும் அதோடு எல்லாம் முடிந்துபோகாது என்பது பிறகு தெரிந்தது: அப்போது நடைமுறையில் இருந்த 1923 ஆம் ஆண்டு தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் 17 ஆவது பிரிவுப்படி உரிமையை விட்டுக்கொடுக்கும் ஒப்பந்தம் செல்லாது, சமரசம் என்றால் அதை இந்த வழக்குகளை விசாரிக்கும் ஆணையரிடம் (எங்களுக்குத் தொழிலாளர் துணை ஆணையர்) பதிவு செய்ய வேண்டும். முதலாளி மருத்துவத்துக்குக் கொடுத்த பணமும் இழப்பீட்டுக் கணக்கில் சேராது. அந்தச் செலவு தனி, இழப்பீடு தனி. ஏற்கெனவே பயந்துபோய்க் கையெழுத்துப் போட்டவர்கள் அதனாலேயே சும்மா இருந்துவிட வேண்டாம்.

மனு போட்ட இடம் தொழிலாளர் துணை ஆணையர் அலுவலகம். விபத்து நடந்த இடத்துக்கு உரிய அலுவலகத்திலும் போடலாம், தொழிலாளி குடியிருக்கும் பகுதிக்கு உரியதிலும் போடலாம். வேறு ஊரில் வேலைக்குப் போய் அடிபட்டு வீடு திரும்பியவர்களுக்கு இது பெரிய வசதி. கெடு இரண்டு வருடம். ஈஎஸ்ஐ (தொழிலாளர் அரசுக் காப்பீடு) பிடித்தம் உள்ளவர் என்றால் இந்த வழி கிடையாது, அங்கேதான் கேட்க வேண்டும். அண்ணனுக்கு அது இல்லை.

யார் முதலாளி என்ற இழுபறிக்கு அதே சட்டத்தின் 12 ஆவது பிரிவு பதில் வைத்திருந்தது. காண்ட்ராக்டர் கூட்டி வந்த ஆளாக இருந்தாலும், வேலையை ஒப்படைத்த பில்டரிடமே கேட்கலாம், அவர் பிறகு காண்ட்ராக்டரிடம் வசூலித்துக்கொள்ளட்டும். நாங்கள் இருவரையும் சேர்த்தோம், பில்டர் எடுத்திருந்த பாலிசிக்காக இன்ஷூரன்ஸ் கம்பெனியையும் சேர்த்தோம்.

ஆனால் அந்த சைட்டில்தான் வேலை பார்த்தார் என்பதை நாம்தான் காட்ட வேண்டும். கூலியில் பாதி காண்ட்ராக்டரின் போனிலிருந்து வந்திருந்தது, அதனால் பேங்க் ஸ்டேட்மென்ட் எடுத்தோம். வேலை ஆட்களின் வாட்ஸாப் குரூப்பில் "நாளைக்கு ஏழு மணிக்கு வந்துடுங்க" என்ற செய்திகள், அண்ணன் கம்பிக்கு நடுவே நிற்கும் படங்கள் எல்லாம் இருந்தன. அவரே பாக்கெட் நோட்டில் ஆள், அரை ஆள் (முழு நாள், அரை நாள் வேலை) என்று குறித்து வைத்திருந்தார், ஓரமெல்லாம் சிமெண்ட் கறை படிந்த நோட்டு அது, அதையும் ஆவணமாகக் கொடுத்தோம். கூட வேலை பார்த்தவர்கள் சாட்சி சொல்லத் தயங்கினார்கள், அவர்களைக் குறை சொல்ல மாட்டேன், அடுத்த வேலை அதே காண்ட்ராக்டர் கையில்தானே இருக்கிறது. கடைசியில் ஒரு சித்தாள் அக்கா வந்து பார்த்ததைப் பார்த்தபடி சொன்னார். அவருக்கு எங்கள் குடும்பமே கடன்பட்டிருக்கிறது.

கணக்குக்கு வருகிறேன். மாதச் சம்பளம் எவ்வளவு இருந்தாலும் எங்கள் வழக்கில் கணக்கில் எடுத்த உச்சவரம்பு, 2020 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த 15,000 ரூபாய். நிரந்தர முழு ஊனம் என்றால் அதில் 60 சதவீதத்தை வயதுக்குரிய காரணியால் பெருக்க வேண்டும். 40 வயதுக்கு அது 184.17, ஆக 9,000 ஐப் பெருக்கினால் 16,57,530 ரூபாய். பகுதி ஊனத்துக்கு இதில் எத்தனை சதவீதம் என்பதுதான் சண்டையே.

மெடிக்கல் போர்டு சான்றிதழில் 40 சதவீதம் என்றிருந்தது. அது உடல் ஊனம். சட்டம் பார்ப்பது சம்பாதிக்கும் திறன் எவ்வளவு போனது என்பதை. சுத்தியலைப் பிடிக்கவே முடியாத தச்சரிடம் "உங்களுக்கு நாற்பதுதான்" என்று எப்படிச் சொல்வது? இடது கையை இழந்த ஒரு தச்சருக்கு, இனி அந்தத் தொழிலே செய்ய முடியாது என்பதால் முழு ஊனம் என்று கணக்கிட்டது சரியே என்று உச்ச நீதிமன்றம் எழுபதுகளிலேயே சொல்லியிருக்கிறது. எங்கள் வக்கீல் அதைக் காட்டி, டாக்டரைச் சாட்சியாக அழைத்தார். டாக்டர் அண்ணனிடம் பேனாவைக் கொடுத்து இறுக்கிப் பிடிக்கச் சொல்லி, அது நழுவி விழுந்ததைக் காட்டிவிட்டு, சென்ட்ரிங் தொழிலைப் பொறுத்தவரை இழப்பு 60 சதவீதம் என்றார். ஆணையர் அதை ஏற்று 9,94,518 ரூபாய் என்று உத்தரவிட்டார். எனக்கு இன்னும் மனம் ஆறவில்லை, அவரால் அந்தத் தொழிலுக்கு இனி போகவே முடியாது.

ஒரு மாதத்துக்குள் கொடுக்காவிட்டால் 12 சதவீத வட்டி உண்டு, அதுவும் எங்களுக்குக் கிடைத்தது. சரியான காரணம் இல்லாமல் இழுத்தடித்தால் 50 சதவீதம் வரை அபராதம் போடலாம், ஆனால் அது முதலாளி தன் கையிலிருந்து கட்ட வேண்டியது, இன்ஷூரன்ஸ் தராது.

2025 நவம்பர் 21 முதல் 2020 ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு நடைமுறைக்கு வந்துவிட்டது, இழப்பீட்டு ஏற்பாடுகள் அதன் ஏழாவது அத்தியாயத்தில் இருக்கின்றன. எங்கள் வழக்கு பழைய சட்டப்படி நடந்தது, மேலே சொன்ன விதிகளும் அதன்படிதான், புதிதாக மனு போடுகிறவர்கள் பிரிவு எண்களை வக்கீலிடம் சரிபார்த்துக்கொள்ளுங்கள். வக்கீலுக்குக் கொடுக்க வசதி இல்லாவிட்டால் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் போய்க் கேளுங்கள். கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தில் பதிவு இருந்தால் அங்கே கிடைக்கும் உதவி வேறு, இந்த இழப்பீடு வேறு, "வாரியத்தில் வாங்கிக்கோங்க" என்று பில்டர் சொன்னால் அதோடு விட்டுவிடாதீர்கள்.

இன்ஷூரன்ஸ் கம்பெனி பணத்தை ஆணையரிடம் கட்டியது, அதை விடுவிக்கத் தனியாக மனுப் போட்டு, அண்ணன் பெயரில் உள்ள கணக்குக்கு வந்து சேர்ந்தது. அபராதத்துக்குக் காரணம் கேட்டு பில்டருக்கு நோட்டீஸ் போயிருக்கிறது, அந்த விசாரணை இன்னும் நடக்கிறது.