புதுச் சொல்லைவிடப் பழைய சொல்தான் காலை வாரியது

ஆங்கிலத் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தபோது ஒரு மாதிரித் தாளில் ‘ஃபப்பிங்’ என்று ஒரு சொல் வந்தது. ஏதோ பப்புக்குப் போகிற சங்கதி என்று நினைத்து அங்கேயே ஐந்து நிமிடம் உட்கார்ந்துவிட்டேன். கடைசியில் பார்த்தால், எதிரில் இருப்பவரைக் கண்டுகொள்ளாமல் போனையே நோண்டிக்கொண்டிருப்பதற்குத்தான் அந்தப் பெயர். போன், ஸ்னப்பிங் (ஒருவரை அலட்சியப்படுத்துவது) இரண்டையும் ஒட்டி 2012-இல் ஆஸ்திரேலியாவில் உண்டாக்கியது. சாப்பிடும்போதும் யாரும் யார் முகத்தையும் பார்ப்பதில்லை என்று அடுத்த வரியிலேயே இருந்தது, நான்தான் அதுவரை போகவில்லை.

ஆனால் மதிப்பெண் போனது அதில் இல்லை. சாட்பாட் ‘ஹலூசினேட்’ செய்கிறது என்று இன்னொரு பத்தியில் வந்தது, தெரிந்த சொல்தானே, பிரமை என்று யோசிக்காமல் குறித்துவிட்டேன். இல்லாத தகவலை உண்மை போல அடித்துச் சொல்வது என்பதுதான் விடை. இந்தப் புது அர்த்தத்துக்காகத்தான் கேம்பிரிட்ஜ் அகராதி அதை 2023-இன் சொல்லாகத் தேர்ந்தெடுத்தது என்பதெல்லாம் அப்புறம்தான் தெரிந்தது. புதுச் சொல் தெரியாது என்று நமக்கே தெரியும், நிதானிப்போம். கிளவுட் (மேகமல்ல, இணையச் சேமிப்பு), வைரல், கோஸ்டிங் (சொல்லாமல் கொள்ளாமல் தொடர்பை அறுப்பது) மாதிரி பழைய சட்டையில் புது அர்த்தத்தோடு வருபவைதான் ஏமாற்றும்.

அதனால் சொல்லும் பொருளுமாகப் பட்டியல் போடுவதை விட்டுவிட்டேன். சொல்லைப் பார்த்த வாக்கியத்தை அப்படியே நோட்டில் எழுதி, அந்தச் சொல் இல்லாமல் அதையே கீழே ஒருமுறை எழுதுவேன், எழுத வரவில்லை என்றால் புரியவில்லை என்று அர்த்தம். ஒட்டுச் சொல் என்றால் உடைத்துப் பார்ப்பேன்: ஐபாட், பிராட்காஸ்ட் சேர்ந்து பாட்காஸ்ட், டீப் லேர்னிங் (செயற்கை நுண்ணறிவில் ஒரு முறை), ஃபேக் சேர்ந்து டீப்ஃபேக், அதாவது நிஜம் போலவே செய்த போலிப் படம், வீடியோ. உடைத்தால் எல்லாம் விளங்கிவிடாது, ‘பிரெயின் ராட்’டை மூளை அழுகல் என்று படித்தால் ஏதோ நோய் போலிருக்கும், இணையத்தில் உப்புச்சப்பில்லாததையே பார்த்துப் பார்த்து மூளை மழுங்குவதைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். ஆக்ஸ்ஃபோர்டு 2024-இல் தேர்ந்தெடுத்த சொல் அது, புதுசுகூட இல்லை, 1854-இலேயே அச்சில் இருக்கிறது!

கட்டுரை எழுதும்போது இவற்றை அள்ளித் தெளிக்காதீர்கள். நேரமில்லை என்பதற்கு ‘பேண்ட்வித் இல்லை’ என்று ஒரு முறையான கடிதத்தில் எழுதி, ஆசிரியரிடம் சிவப்பு வட்டம் வாங்கியிருக்கிறேன். தமிழிலும் சிக்கல் உண்டு. செல்ஃபிக்கு சுயமி, தற்படம், தாமி என்று மூன்று ஓடுகின்றன, எது வேண்டுமானாலும் எடுங்கள், ஒரே விடையில் மூன்றையும் கலக்காமல் இருந்தால் சரி.