காரியாபட்டி வழியாக வந்த கோப்பை

மதுரையில் நாலு பேரிடம் கேட்டுப் பாருங்கள், "நம்ம ஊர் ஃபுட்பால் டீம் ஒண்ணு அகில இந்திய லீக்கையே ஜெயிச்சிருக்கே, பேர் தெரியுமா?" என்று. ஹாக்கி என்றால் பழைய ஆட்டக்காரர்கள் பெயரெல்லாம் வரும். கபடிக்கு ஊர் ஊராகச் சொல்வார்கள். எந்த வாடிவாசலில் எந்தக் காளை நின்று விளையாடியது என்பதற்கு வருஷக்கணக்கில் ஞாபகம் இருக்கும். கால்பந்து என்றதும் மட்டும் பேச்சு சென்னைக்கோ கோயம்புத்தூருக்கோ போய்விடும். சேது எஃப்.சி. என்ற பெயர் வருவது அபூர்வம். 2016ல் தொடங்கிய பெண்கள் கிளப் அது. 2019ல் இந்திய மகளிர் லீக் சாம்பியன்.

அந்தக் கிளப்பின் ஊரான காரியாபட்டியைப் பார்த்துவிட்டு வரலாம் என்று நானும் என் அக்கா மகளும் கிளம்பினோம். அவள் ஒன்பதாம் வகுப்பு, பள்ளி அணியில் லெஃப்ட் பேக். "சித்தி, அங்க போனா யாரையாவது பாக்கலாமா?" என்று முதல் நாள் ராத்திரியே ஆரம்பித்துவிட்டாள். சீசன் இல்லாத நேரம், யாரும் இருக்க மாட்டார்கள் என்றேன். "பரவால்ல, கிரவுண்டு இருக்கும்ல" என்று பூட்ஸைப் பையில் எடுத்து வைத்துக்கொண்டாள்.

மாட்டுத்தாவணியில் அருப்புக்கோட்டை பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தால் நேர் வழிதான். ரிங் ரோட்டில் மண்டேலா நகர் வரை ஊர்க் கூட்டம் விடாது. விமான நிலையத்தைத் தாண்டியதும் காற்று கொஞ்சம் மாறும். வலையங்குளம் பக்கத்தில் மல்லிகைத் தோட்டங்கள். காலை வேளையென்றால் பூ மூட்டையோடு எதிர்த்திசையில் மதுரைக்குப் போகிறவர்களைப் பார்க்கலாம். எலியார்பத்தி டோல்கேட் கடந்தபின் இரு பக்கமும் சீமைக் கருவேலம், இடையிடையே கண்மாய்க் கரை, அதற்கப்புறம் மண்ணின் நிறம் கறுக்கத் தொடங்குகிறது. மதுரை மாவட்டம் முடிந்து விருதுநகர் மாவட்டம் வந்துவிட்டது என்பதற்குப் பலகையைப் பார்க்கத் தேவையில்லை.

பஸ்ஸில் வைத்துத்தான் அவளுக்கு முழுக் கதையும் சொன்னேன். சீனி மொகைதீன் தொடங்கிய கிளப் இது. காரியாபட்டிக்குப் பக்கத்தில் புல்லூரில் இருக்கிற சேது பொறியியல் கல்லூரிதான் இதற்குத் தாய்வீடு. இந்திய மகளிர் லீக்கும் ஏறக்குறைய இந்தக் கிளப்பின் வயதுதான். முதல் லீக்கின் இறுதிச் சுற்று 2017 தொடக்கத்தில் டெல்லியில் நடந்தது. மணிப்பூரின் ஈஸ்டர்ன் ஸ்போர்டிங் யூனியன் ஜெயித்தது. அடுத்த வருஷம் ஷில்லாங்கில் ஒடிசாவின் ரைசிங் ஸ்டூடண்ட்ஸ் ஜெயித்தது. சேது முதன்முதலாகக் களமிறங்கியது அந்த ஷில்லாங் லீக்கில்தான். அதற்கடுத்த வருஷமே கோப்பை.

இது எவ்வளவு பெரிய காரியம் என்று புரிய வேண்டுமென்றால் மணிப்பூரைப் பற்றித் தெரிந்திருக்க வேண்டும். பெண்கள் தேசிய சாம்பியன்ஷிப்பை இருபது தடவைக்கு மேல் ஜெயித்த மாநிலம் அது. ஃபைனலில் மணிப்பூர் வந்துவிட்டாலே எதிரணிக்குப் பாதி தைரியம் போய்விடும். 2018 பிப்ரவரியில் கட்டாக்கில் அந்த மணிப்பூரை 2-1 என்று ஜெயித்துத் தமிழ்நாடு முதல் தடவையாகத் தேசிய சாம்பியன் ஆனது. மறு வருஷம் மே 22 அன்று லூதியானாவில் மகளிர் லீக் ஃபைனல். எதிரே மணிப்பூர் போலீஸ் அணி. ஆட்டம் சூடுபிடிக்கும் முன்பே அவர்கள் ஒரு கோல் போட்டுவிட்டார்கள். சேது அசரவில்லை. மூன்று கோல் திருப்பிப் போட்டு 3-1 என்று முடித்தார்கள்.

பின்னால் விழுந்து எழுந்து ஜெயித்த ஆட்டம் என்பதால் எனக்கு அதன் மேல் தனிப் பிரியம். அந்த அணியில் யாரெல்லாம் இருந்தார்கள் பாருங்கள். கடலூர்ப் பிள்ளை இந்துமதி கதிரேசன், நடுக்களத்தில் ஆட்டத்தைப் பிடித்து நிறுத்துகிறவர், தமிழ்நாடு காவல்துறையில் சப்-இன்ஸ்பெக்டர். 2020 ஊரடங்கின்போது சென்னை அண்ணா நகரில் சாலையில் நின்று டியூட்டி பார்த்தவர். அதே கடலூர்ப் பக்கத்து சந்தியா ரங்கநாதன். மணிப்பூரின் டங்மேய் கிரேஸ், நேபாளத்தின் சபித்ரா பண்டாரி. சபித்ராவை அவர் நாட்டில் "சம்பா" என்று கூப்பிடுவார்கள். லம்ஜுங் மலை மாவட்டத்திலிருந்து வந்து, நம் பக்கத்து ஜெர்சியில் கோல் போட்டு, பிற்பாடு இஸ்ரேல், பிரான்ஸ் என்று ஐரோப்பிய லீக் வரை போன ஆட்டக்காரர். பயிற்சியாளரும் ஒரு பெண்தான், அம்ருதா அரவிந்த்.

"சம்பா நம்ம காரியாபட்டிக்கு வந்திருக்காங்களா சித்தி?" என்று அவள் திரும்பத் திரும்பக் கேட்டாள். அவள் ஃபோனில் சம்பா போட்ட கோல்கள் பாதி நிறைந்து கிடக்கின்றன. காரியாபட்டி கிளப்புக்கு ஆடினார்கள், அது உறுதி என்றேன். அதுவே அவளுக்குப் போதுமானதாக இருந்தது.

இந்துமதி, சந்தியா என்று கடலூர்ப் பெயர்களாக வருவது தற்செயல் இல்லை. தமிழ்நாட்டில் பெண்கள் கால்பந்து பெருநகரத்தில் வளர்ந்ததைவிட இந்த மாதிரி ஊர்களில் வளர்ந்ததுதான் அதிகம். கடலூரில் இந்திரா காந்தி அகாடமி வருஷக்கணக்காகப் பிள்ளைகளைத் தயார்ப்படுத்திக்கொண்டிருக்கிறது. 2018 ஷில்லாங் லீக்கில் அந்த அகாடமியும் தனி அணியாக ஆடியது. ஒரே லீக்கில் தமிழ்நாட்டிலிருந்து கடற்கரை ஊர் அணி ஒன்றும் கண்மாய்க்கரை ஊர் அணி ஒன்றும். எனக்கு இதை நினைக்க நினைக்கப் பெருமையாக இருக்கிறது.

காரியாபட்டி பஸ் ஸ்டாண்டில் இறங்கி ஒரு டீக்கடையில் உட்கார்ந்தோம். கடையைப் பார்த்துக்கொண்டிருந்த அம்மாவுக்கு அறுபது வயது இருக்கும். இவள் பையிலிருந்து பூட்ஸை எடுத்துத் தட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்துவிட்டு, "பந்து வெளாடுற புள்ளையா தாயி?" என்று கேட்டார். அந்தப் பூட்ஸைப் பற்றிச் சொல்ல வேண்டும். அக்காவின் மூத்த மகன் போட்டுக் கழித்தது. ஒரு சைஸ் பெரிது, முன்பக்கம் துணி திணித்திருக்கிறாள். இடது கால் பூட்ஸில் உட்பக்க ஸ்டட் இரண்டும் மழுங்கிவிட்டன, ஏனென்றால் அந்தக் காலை ஊன்றித்தான் திரும்புவாள். அடிப்பகுதி பிளந்த இடத்தில் பசை போட்டு ஒட்டி, போதாததற்கு லேஸை அடியில் ஒரு சுற்றுச் சுற்றி மேலே கட்டியிருக்கிறாள். அந்தம்மா அதைக் கையில் வாங்கி, பிளவில் விரலை வைத்து அழுத்திப் பார்த்தார். "இதுக்குத் தச்சிரணும் ஆத்தா. பசை நிக்காது. செருப்புத் தைக்கிறவரு அங்கன இருக்காரு" என்று கை காட்டினார்.

பெண்கள் டீம் பற்றிக் கேட்டேன். "பாத்திருக்கேனே. தலைமுடிய ஒட்ட வெட்டிக்கிட்டு, டவுசரு போட்டுக்கிட்டு வருங்க. ஒண்ணு ரெண்டு புள்ளைகளுக்குத் தமிழே வராது, வெரலக் காட்டித்தான் வடை கேக்கும்." இந்தியா பூராவும் ஜெயித்துக் கோப்பை வாங்கினார்கள் என்று சொன்னதும் டீ ஆற்றுவதை நிறுத்திவிட்டார். "கோப்பை வாங்குச்சுகளா? ஒரு வார்த்த சொல்லலையேம்மா யாரும்!"

அந்த அம்மா கேட்டது நியாயமான கேள்வி. யாரும் ஏன் சொல்லவில்லை? நான் பல நாள் யோசித்து ஒரு பதிலுக்கு வந்திருக்கிறேன். ஜெயித்த காலத்தில் இந்த கிளப் தன் ஊர்ச் சனங்கள் முன்னால் ஒரு லீக் ஆட்டம்கூட ஆடியதில்லை. ஆட வழியும் இல்லை. மகளிர் லீக்கின் முதல் ஆறு பதிப்புகளும் ஒரே ஊரில் எல்லா அணிகளையும் கூட்டி வைத்துச் சில வாரங்களில் நடத்தி முடித்தவை. டெல்லி, ஷில்லாங், லூதியானா, பெங்களூரு, புவனேஸ்வர், அகமதாபாத். சொந்த மைதானம், எதிரணி மைதானம் என்று மாறி மாறி ஆடும் முறை 2023-24ல்தான் வந்தது. அதுவரைக்கும் ஒரு மதுரைக்காரர் தன் ஊர் அணியைப் பார்க்க வேண்டுமென்றால் லூதியானாவுக்கு ரயில் ஏற வேண்டும். ஊர் பார்க்காத அணியை ஊர் எப்படித் தன் அணி என்று சொல்லும்? குற்றம் ஊர்க்காரர்கள் மேல் இல்லை, லீக் நடத்திய விதத்தில் இருக்கிறது.

இதே 2019ல், மகளிர் ஃபைனலுக்கு இரண்டரை மாதம் முன்னால், கோயம்புத்தூர் நேரு ஸ்டேடியத்தில் சென்னை சிட்டி எஃப்.சி. மினர்வா பஞ்சாபை 3-1 என்று தோற்கடித்து ஐ-லீக்கை ஜெயித்தது. ஈஸ்ட் பெங்காலைவிட ஒரே ஒரு புள்ளி கூடுதல். அந்த ஆட்டத்துக்குக் கூட்டம் இருந்தது, தொலைக்காட்சி இருந்தது, மறுநாள் பேப்பரில் படம் இருந்தது. ஆண்கள் லீக், பெண்கள் லீக் இரண்டும் ஒரே சீசனில் தமிழ்நாட்டுக்கு வந்தன. சில வருஷத்தில் சென்னை சிட்டி ஐ-லீக்கிலிருந்தே போய்விட்டது. காரியாபட்டிப் பிள்ளைகளோ அதற்குப் பிறகும் லீக்கில் ஆடிக்கொண்டிருந்தார்கள். எந்தக் கிளப் ஊருக்கு அதிகம் கொடுத்தது என்று கேட்டால் நான் யோசிக்காமல் பதில் சொல்வேன்.

பஸ் ஸ்டாண்டில் செருப்புத் தைக்கிறவரிடம் பூட்ஸைக் கொடுத்துத் தைத்து வாங்கிக்கொண்டு, புல்லூருக்கு ஆட்டோவில் போனோம். 1995ல் தொடங்கிய கல்லூரி. பரீட்சை நேரம், உள்ளே போய்த் தொந்தரவு செய்ய மனம் வரவில்லை. வாசலுக்கு வெளியே சாலையோரம் நடந்தோம். பத்தரை மணிக்கே வெயில் மண்டையைப் பிளந்தது. நிழலுக்கு ஒரு வேம்பு. "இந்த வெயில்ல ஓடிப் பழகிட்டு புவனேஸ்வர் போனா ஒண்ணும் தெரியாதுல்ல சித்தி" என்றாள். அவள் எந்தப் புவனேஸ்வரைச் சொல்கிறாள் என்று எனக்குப் புரிந்தது. 2022.

அந்தக் கதை கொஞ்சம் வலிக்கும். 2020ல் அரையிறுதியில் கோகுலம் கேரளாவிடம் தோற்று, அடுத்த சீசன் கொரோனாவில் நின்றுபோய், 2022ல் புவனேஸ்வரில் பன்னிரண்டு அணிகள். எல்லாரும் எல்லாரோடும் ஒரு தடவை ஆட வேண்டும். பத்து ஆட்டம் முடிந்தபோது சேதுவும் பத்தில் பத்து, கோகுலமும் பத்தில் பத்து. அட்டவணை போட்டவர்கள் தெரிந்து போட்டார்களோ என்னவோ, கடைசி நாளில் இரண்டும் நேருக்கு நேர். மே 26, கலிங்கா ஸ்டேடியம். கோகுலத்துக்கு டிரா போதும், சேது ஜெயித்தே ஆக வேண்டும். முதல் கோல் சேது போட்டது. அப்புறம் கோகுலம் மூன்று. பாதி ஆட்டத்திலேயே எல்லாம் முடிந்துவிட்டது. பதினோரு ஆட்டத்தில் பத்து ஜெயித்துக் கோப்பை இல்லாமல் ஊர் திரும்புவது சாதாரண விஷயமில்லை.

அப்போது சேதுவின் பயிற்சியாளர் கிறிஸ்பின் சேத்ரி. பிறகு அவர் ஒடிசா எஃப்.சி.க்குப் போய் 2023-24 லீக்கை ஜெயித்தார். அதன்பின் இந்திய அணியின் தலைமைப் பயிற்சியாளரானார். 2025 ஜூலையில் இந்தியா தாய்லாந்தை அதன் சொந்த மண்ணில் 2-1 என்று ஜெயித்து ஆசியக் கோப்பைக்குத் தகுதி பெற்றபோது ஓரத்தில் நின்று கத்திக்கொண்டிருந்தவர் அவர்தான். அந்த ஆட்டத்தைப் பார்க்கும்போது நான் அக்காவிடம், "இவர் நம்ம காரியாபட்டி கோச்சுக்கா" என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். அக்கா சீரியல் பார்க்க ரிமோட் கேட்டுக்கொண்டிருந்தாள்.

மதியம் பஸ் பிடித்து மதுரை திரும்பி, சாப்பிட்டுவிட்டு நேராக ரேஸ்கோர்ஸ் எம்.ஜி.ஆர். ஸ்டேடியத்துக்குப் போனோம். அந்த வளாகத்தில்தான் ஹாக்கிக்குப் புது மைதானம் எழும்பி, 2025 கடைசியில் ஜூனியர் உலகக் கோப்பை ஆட்டங்கள் நடந்தன. மதுரைச் சனம் கேலரியை நிறைத்து, பேர் தெரியாத நாட்டுக்கெல்லாம் கை தட்டியது. இந்த ஊருக்கு ஆட்டம் பிடிக்கும். கண்ணெதிரே நடந்தால் போதும். மகளிர் லீக் ஆட்டம் ஒன்றை இதே ரேஸ்கோர்ஸில் வையுங்கள், பள்ளிக்கூடப் பெண் பிள்ளைகளை இலவசமாக உள்ளே விடுங்கள், அப்புறம் சேது எஃப்.சி. யார் என்று மதுரையில் யாரிடமும் கேட்க வேண்டியிருக்காது. இதைச் செய்யக்கூடிய இடத்தில் இருக்கிற யாராவது இதைப் படித்தால், இதை ஒரு மனுவாகவே எடுத்துக்கொள்ளுங்கள்.

இவள் தைத்த பூட்ஸை மாட்டிக்கொண்டு தோழிகளிடம் ஓடினாள். லேஸை அடியில் சுற்றவில்லை. பயிற்சி முடிந்து வந்ததும் கேட்ட முதல் கேள்வி, "சித்தி, அவங்க செலக்‌ஷன் ட்ரையல்ஸ் எப்ப வைப்பாங்க?" பத்தாம் வகுப்பு முடியட்டும் என்று அக்கா சொல்வாள் என்பது இருவருக்கும் தெரியும். கல்லூரி பக்கத்திலேயே இருக்கிறது, படிப்பும் ஆட்டமும் ஒரே இடத்தில் நடக்கும் என்று நான் பேசிப் பார்க்கிறேன் என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டில் சாப்பாடு. அன்றைக்கே ஆரம்பித்துவிட வேண்டியதுதான்.