கருமத்தம்பட்டி மாதாவைப் பார்க்கப் போன வழியில்

திருப்பூரிலிருந்து கருமத்தம்பட்டி ஜெபமாலை மாதா கோவிலுக்கு இது எனக்கு ஏழாவது நடைப்பயணம். அக்டோபர் முதல் ஞாயிறு தேர்த் திருவிழா. சனிக்கிழமை இரவு பத்து மணிக்கு நானும் அக்காவும், அன்பியம் என்கிற எங்கள் அக்கம்பக்கத்து ஜெபக் குழுவில் பத்துப் பேரும் கிளம்பினோம். மங்கலம், சாமளாபுரம், சோமனூர் வழி.

ஆறு வருடமும் கேட்கத்தான் போனேன். வேலைக்கு, கடனுக்கு, அப்பாவின் ஆபரேஷனுக்கு. கிடைத்ததற்கு மெழுகுவர்த்தி ஏற்றி நன்றி சொல்லவும் தவறியதில்லை. ஜெபமாலையை ஒரு நாளும் விட்டதில்லை. விசுவாசத்தில் வளர்ந்துவிட்டேன் என்றே நம்பியிருந்தேன்.

சாமளாபுரம் குளம் தாண்டியதும் விசைத்தறிச் சத்தம் கேட்க ஆரம்பித்தது. சனிக்கிழமை என்பதால் ஜெபமாலையில் மகிழ்ச்சி மறைபொருள் சொல்லிக்கொண்டிருந்தேன்; இயேசுவின் பிறப்பையொட்டிய ஐந்து நிகழ்வுகளை நினைத்து, ஒவ்வொன்றுக்கும் பத்து மணி உருட்டுவது. இரண்டாவது, மரியா எலிசபெத்தம்மாளைச் சந்தித்தது. ரோட்டோரம் ஒரு பாட்டி உட்கார்ந்திருந்தார். அவரும் மாதா கோவிலுக்கு நடக்க வந்தவர்தான். குதிகால் வெடித்து ரத்தம் கசிந்தது. "கண்ணு, கொஞ்சம் தண்ணி இருக்குதுங்களா?" என்றார். பாட்டிலைக் கொடுத்தேன். வாய் 'அருள் நிறைந்த மரியே' சொல்லிக்கொண்டே இருந்தது, காலும் நிற்கவில்லை.

அந்த மறைபொருளுக்கான பத்து ஜெபமாலை மணிகளும் முடிந்து திரும்பினால் அக்காவைக் காணோம். பாட்டியின் காலை மடியில் வைத்து, நான் கொடுத்த அதே தண்ணீரில் கழுவிக்கொண்டிருந்தாள். திரும்பிப் போனேன். அவள் ஒன்றும் கேட்கவில்லை. "இந்தக் காலப் புடி" என்றாள், துப்பட்டாவைக் கிழித்தபடி.

காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோதுதான் எனக்கு உறைத்தது. வானதூதர் வந்துபோனதும் மரியா மலைநாட்டுக்கு விரைந்தார், எலிசபெத்தோடு மூன்று மாதம் தங்கினார் என்கிறது லூக்கா நற்செய்தி. முதிர்ந்த வயதில் கருவுற்றவளின் வீட்டில் மூன்று மாதம்! தண்ணீர் சேந்தியிருப்பார், மாவு அரைத்திருப்பார், கால் பிடித்துவிட்டிருப்பார். நற்செய்தியில் இதெல்லாம் இல்லை, ஆனால் நான் அப்படித்தான் பார்க்கிறேன். ஆண்டவரை வயிற்றில் சுமந்தவர் உடனே கிளம்பிப் போனது இன்னொருத்தி வீட்டுக்கு. எத்தனை ஆயிரம் தடவை அதைச் சொல்லியிருப்பேன்!

அப்புறம் பாட்டியின் நடைக்கு எல்லாரும் நடந்தோம். கோவில் சேர நன்றாக விடிந்துவிட்டது.

17-ஆம் நூற்றாண்டிலிருந்தே விசுவாசம் வேரூன்றிய ஊர் இது. கோவில் 2019-இல் பசிலிக்கா ஆனது, திருத்தந்தை தரும் சிறப்புத் தகுதி அது. 1846 அக்டோபர் 4 அன்று, அதுவும் மாதத்தின் முதல் ஞாயிறுதான், மெல்கியோர் தெ மரியோன் பிரெசியாக் என்ற பிரெஞ்சுக் குரு இங்கேதான் ஆயராக, அதாவது பிஷப்பாக, அபிஷேகம் பெற்றார். கோவையில் பணியாற்றியவர் அந்தப் பொறுப்பை விட்டு ஊர் திரும்பினார். அதோடு ஓய்ந்துவிடவில்லை. 1856-இல் லியோன் நகரில் ஆப்பிரிக்காவுக்கென ஒரு மறைபரப்புச் சபையைத் தொடங்கி, 1859 மே மாதம் தானே சியரா லியோனுக்குப் போனார். அங்கே மஞ்சள் காய்ச்சல் பரவியிருந்த நேரம். ஆறே வாரத்தில், ஜூன் 25 அன்று இறந்தார். இந்தக் கதை எனக்கு முன்பே தெரியும். பாட்டியின் ரத்தம் நகக்கண்ணில் ஒட்டியிருக்க அன்று பீடத்தின் முன் முழந்தாளிட்டபோது, கேட்பதற்கு என்னிடம் ஒன்றும் வரவில்லை. "நான் எங்கே போகட்டும், தாயே?" என்று மட்டும் வாயில் வந்தது.

பாட்டியும் திருப்பூர்தான், எங்கள் பக்கத்துப் பங்குக் கோவிலைச் சேர்ந்தவர். பனியன் கம்பெனியில் பிசிர் வெட்டிப் பிழைக்கிறவர், லைன் வீட்டில் தனியாக இருக்கிறார். சர்க்கரை இருப்பதால் புண் சீக்கிரம் ஆறவில்லை. ஏழைகளை வீடு தேடிப் போய் உதவும் வின்சென்ட் தே பால் சபையில் நான் சேர்ந்தேன். சனிக்கிழமை சாயங்காலம் நாலு வீட்டுக்குப் போகிறோம், பாட்டி வீடு கடைசி. பழைய கட்டை அவிழ்த்து, வெந்நீரில் கழுவி, டாக்டர் சொன்ன மருந்தைப் போடுவேன். அந்த நேரத்தில் பாட்டி மணி உருட்டுவார், நான் பதில் சொல்வேன். கை ஈரமாக இருக்கும், என் ஜெபமாலை சட்டைப் பையிலேயே கிடக்கும்.