காயாத நீலம்

வாட்டர்கலர் தொடங்கி ஆறு மாதம். இதுவரை 41 தாள் வரைந்திருக்கிறேன். கூச்சப்படாமல் பிறரிடம் காட்டக்கூடியவை ஏழு. அவற்றில் நான்கு அமெரிக்காவின் ஃபீனிக்ஸ் நகரில் வரைந்தவை, மூன்று சென்னைக்குத் திரும்பிய பிறகு. ஃபீனிக்ஸில் கற்றுக்கொண்டதை எல்லாம் இங்கே வந்து மறக்க வேண்டியிருந்தது.

மகள் இருப்பது ஃபீனிக்ஸை ஒட்டிய சாண்ட்லரில். பிப்ரவரியில் போனேன். பேரன் பள்ளிக்குப் போனபின் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தவளிடம், "அம்மா, சுவர்தான் பார்க்கணும்னா நல்ல சுவரா பாரு" என்று ரூஸ்வெல்ட் ரோ பகுதியில் காரிலிருந்து இறக்கிவிட்டாள். பழைய சின்ன வீடுகள், செங்கல் கடைகள், எல்லாவற்றின் பக்கவாட்டிலும் ஓவியம். பின்னால் இருக்கும் சந்துகளைக்கூட விடவில்லை. மாதத்தின் முதல் வெள்ளிக்கிழமை மாலை ஓவியக்கூடங்கள் திறந்திருக்கும், தெருவே மாட வீதி போல ஆகிவிடும். எனக்குப் பிடித்தது கொஞ்சம் தள்ளி இருக்கும் கிராண்ட் அவென்யூ. சதுரங்கக் கட்டமாகத் தெரு போட்ட ஊரில் அது மட்டும் குறுக்கே கோணலாக ஓடுகிறது. பழைய பட்டறைகளுக்குள் ஆட்கள் உட்கார்ந்து வரைந்துகொண்டிருந்தார்கள்.

நானும் உட்கார்ந்தேன். முதல் தாள், வெறும் வானம். இடது ஓரத்தில் நீலம் தடவி வலது ஓரத்துக்குப் போவதற்குள் இடது பக்கம் காய்ந்துவிட்டது. மேலே ஒரு பட்டை, கீழே ஒரு பட்டை என்று கட்டம் போட்ட லுங்கி மாதிரி ஒரு வானம். ஃபோனில் பார்த்தால் காற்றில் ஈரப்பதம் 14 சதவீதம். பாலைவனம் என்றால் சூடு என்று மட்டும்தான் நினைத்திருந்தேன்.

ஆறேழு தாள் வீணான பிறகு மூன்று வழிகள் கைகொடுத்தன. தாளின் இரண்டு பக்கமும் நனைத்துவிட்டுத் தொடங்குவது. துணி தேய்க்கும்போது தண்ணீர் தெளிக்கும் ஸ்ப்ரே பாட்டிலைக் கையிலேயே வைத்திருப்பது. நுனிப் பிரஷ்ஷைத் தூக்கிப் போட்டுவிட்டு இரண்டு விரல் அகலத் தட்டைப் பிரஷ் வாங்குவது. கூடவே தேன் கலந்த கலர் டியூப்களும் வாங்கினேன். தேன் ஈரத்தைப் பிடித்து வைக்கும், பேலட்டில் கலர் வெடிக்காது. (இந்தத் தேன் பின்னால் வரும்.)

கிளம்பும் வாரம் ஊரின் நடுவில் இருக்கும் சிவிக் ஸ்பேஸ் பூங்காவுக்குப் போனோம். தலைக்கு மேலே வானத்தில் பிரம்மாண்டமான வலை ஒன்று தொங்குகிறது, காற்றில் மெதுவாக உப்பி அடங்குகிறது. ஜேனட் எக்கல்மன் என்ற சிற்பி 2009-இல் செய்தது. 'அவள் ரகசியம் பொறுமை' என்று பொருள்படும் பெயர். மகள் ஃபோனில் தேடிப் படித்துவிட்டு என் கையைப் பிடித்தாள். அந்தம்மா 1997-இல் ஓவியக் காட்சி வைக்க இந்தியா வந்திருக்கிறார். அனுப்பிய வண்ணங்கள் வந்து சேரவில்லை. சும்மா இருந்த நேரத்தில் கரையில் மீனவர்கள் குவித்து வைத்த வலைகளைப் பார்த்து, இதிலேயே சிற்பம் செய்யலாமே என்று தோன்றியிருக்கிறது. எந்தக் கரை? நம் மாமல்லபுரம்! நங்கநல்லூரிலிருந்து எத்தனை முறை போய்ச் சுண்டல் தின்றுவிட்டு வந்திருக்கிறேன், வலையை ஒரு தடவைகூட நிமிர்ந்து பார்த்ததில்லை.

ஏப்ரலில் திரும்பினேன். முதல் வாரமே பேலட்டில் எறும்பு. ஃபீனிக்ஸில் கலரைக் காப்பாற்றிய தேன் இங்கே இறுகவே இல்லை, பாகு மாதிரி நின்றது. பிள்ளையார் எறும்புகள் மஞ்சளில் தொடங்கி வரிசையாக நீலத்துக்குப் போய்க்கொண்டிருந்தன. "இத்தனை காசு கொடுத்து எறும்புக்கா வாங்கினே?" என்றார் வீட்டுக்காரர். இப்போது பள்ளிக்கூடப் பிள்ளைகள் வைத்திருக்கும் வில்லைக் கலர்தான்.

முதல் வெளி வேலைக்குச் சோழமண்டலம் ஓவியர் கிராமத்துக்குப் போனேன். திருவான்மியூரிலிருந்து ஈசிஆர் பஸ், ஈஞ்சம்பாக்கத்தில் இறங்க வேண்டும். மரநிழல், நடுநடுவே கல் சிற்பங்கள், கடல் பக்கத்திலேயே. வானத்துக்கு ஃபீனிக்ஸ் பழக்கத்தில் இரண்டு பக்கமும் நனைத்தேன். அரை மணி நேரம் கழித்தும் ஈரம். பொறுக்காமல் மேலே மரத்தின் பச்சையை வைத்தேன். பச்சை வானத்துக்குள் ஓடி, காலிஃபிளவர் பூ மாதிரி விரிந்தது. அன்று மூன்று தாளும் பாழ்.

ஆனால் அந்த அரை மணி நேரக் காத்திருப்பில்தான் அந்த இடத்தை ஒழுங்காகப் பார்த்தேன். சென்னை ஓவியக் கல்லூரியின் முதல்வராக இருந்த கே.சி.எஸ். பணிக்கர் முன்னின்று 1966-இல் தொடங்கிய கிராமம் இது. ஓவியர்கள் பாத்திக் துணியும் கைவினைப் பொருள்களும் செய்து விற்று, அந்தப் பணத்தில் நிலம் வாங்கினார்கள். ரூஸ்வெல்ட் ரோவில் ஓவியர்கள் வாடகைக்கு வந்து பகுதிக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தார்கள், பெயர் வந்ததும் வாடகை ஏறி அவர்களில் பலர் வெளியேற வேண்டியதாயிற்று. இங்கே மண் சொந்தம். அதனால்தான் ஈசிஆரில் இவ்வளவு மாறியும் அந்த மரங்கள் நிற்கின்றன என்பது என் கணக்கு.

கண்ணகி நகருக்கு ஒரே ஒரு முறை. ஆற்றங்கரைகளிலிருந்து பெயர்த்துக் கொண்டுவந்து குடியமர்த்தப்பட்டவர்களின் அடுக்குமாடிச் சுவர்களில் 2020-இல் பெரிய பெரிய ஓவியங்கள் வரைந்தார்கள். அங்கே உட்கார்ந்து வரைய எனக்குக் கை வரவில்லை. அது அவர்கள் வீட்டு வாசல். ஒரு அக்கா தண்ணீர் கொடுத்து, "எங்க வீட்டுக்கு மேல இருக்கறது யாரு படம்னு எங்களுக்கே தெரியாதும்மா" என்று சிரித்தார். கொஞ்ச நேரம் பேசிவிட்டு வந்துவிட்டேன்.

போன ஞாயிறு மாமல்லபுரம், காலை ஆறரைக்கு. நீலமும் பச்சையுமாக நைலான் வலைக் குவியல். கண்ணி கண்ணியாக வெள்ளைக் கோட்டை விட்டுவிட்டுச் சுற்றிலும் நீலம் பூசுவது என்னால் ஆகிற காரியம் இல்லை. அப்போதுதான் பாத்திக் ஞாபகம் வந்தது. துணியில் மெழுகு பட்ட இடத்தில் சாயம் ஏறாது. தாளில் மட்டும் ஏறுமா? பையில் கரண்ட் போனால் ஏற்றும் மெழுகுவர்த்தித் துண்டு ஒன்று கிடந்தது. அதைக் கூராக்கி வலையை மெழுகாலேயே வரைந்தேன். வெள்ளைத் தாளில் வெள்ளைக் கோடு, என்ன வரைகிறேன் என்று எனக்கே தெரியவில்லை. மேலே தண்ணீராக நீலத்தை ஓட்டினேன். மெழுகு பட்ட இடமெல்லாம் நீலம் விலக, வலை தானாக மேலே வந்தது.

ஒரு மூலையில் மெழுகு விட்டுப்போய் ஓட்டை. வலை பின்னிக்கொண்டிருந்த பெரியவர் எட்டிப் பார்த்து, "அதுல மீன் ஓடிடுமே தாயி" என்றார்.

வீட்டுக்கு வந்து ஃபேனுக்குக் கீழே வைத்திருக்கிறேன். ஓரத்தில் இன்னும் ஈரம் இருக்கிறது.