கருப்பே இல்லாத மெலனோமா: ஒரு மெழுகு பிளாக்குக்காக அலைஞ்ச கதை

மெலனோமாங்கிற தோல் கேன்சர்னா கருப்பா இருக்கும், ஓரம் கோணலா இருக்கும், ரெண்டு மூணு கலர் கலந்து இருக்கும்னுதான் எங்க பார்த்தாலும் போட்டிருக்கு. அப்பாவுக்கு குதிகால்ல வந்தது ரோஸ் கலர்ல சின்னதா ஒரு கட்டி, தொட்டா ரத்தம் கசியும், அவ்வளவுதான். முதல்ல பார்த்தவர் மருன்னு மருந்து போட்டார். அடுத்தவர் பையோஜெனிக் கிரானுலோமா, ரத்தக்குழாய் சேர்ந்து வர்ற சாதாரண கட்டிதான்னு சொல்லி கரண்ட் வச்சு சுட்டே விட்டுட்டார். ஒரு துணுக்கு கூட லேபுக்குப் போகல, எனக்கு இன்னும் வயிறு எரியறது இதுக்குத்தான். அது திரும்ப முளைச்சு புண்ணாச்சு, அப்பாவுக்கு சுகர் வேற இருக்கா, உடனே "சுகர் புண்ணு, ஆற லேட்டாகும்"னு மாசக்கணக்கா வெறும் டிரஸ்ஸிங்.

கடைசியா ஒரு தோல் டாக்டர் டெர்மாஸ்கோப், அதான் தோலைப் பெருசாக்கிக் காட்டற லென்ஸ், வச்சுப் பார்த்துட்டு, ரத்தக்குழாய் ஓட்டம் சரியில்ல, நிறமில்லாத மெலனோமாவா இருக்கலாம், பயாப்ஸி எடுங்கன்னார். பயாப்ஸி எடுத்தவங்க மேலாக்க சீவி எடுத்து, ஃபார்ம்ல "ஆறாத புண்"னு மட்டும் எழுதி அனுப்பிட்டாங்க. டாக்டரோட சந்தேகம் அதுல ஒரு வார்த்தை இல்ல, லேப்ல திசுவைப் பார்க்கிற பேத்தாலஜிஸ்ட் என்ன ஜோசியமா பார்ப்பார்? ரிப்போர்ட் வந்துச்சு: சந்தேகமான செல்கள், உறுதியா சொல்ல முடியல.

செகண்ட் ஒப்பீனியன் கேட்டா அங்க ஸ்லைடும் பாரஃபின் பிளாக்கும், அதாவது எடுத்த திசுவைப் பதிச்சு வச்சிருக்கிற மெழுகுக் கட்டியும், வேணும்னாங்க. பழைய லேப் கவுன்டர்ல இருந்தவர் "ரிப்போர்ட்தான் தருவோம், பிளாக்கெல்லாம் தர்றதில்ல"ன்னு ஒரே பாட்டு. நாளைக்கு வாங்க, அவர் லீவு, லெட்டர் வேணும், இந்த லெட்டர்ல சீல் இல்ல. பொறுத்துப் பொறுத்துப் பார்த்துட்டு நேரா உள்ள போய் பேத்தாலஜிஸ்ட்டையே பார்த்தேன், அந்தம்மா ஒரு கையெழுத்து வாங்கிட்டு பத்து நிமிஷத்துல எடுத்துக் குடுத்துட்டாங்க! கவுன்டர்காரர் மூஞ்சியைப் பார்க்கணுமே.

புது இடத்துல இம்யூனோ டெஸ்ட் போட்டாங்க, செல் எந்த வகைன்னு குறிப்பிட்ட புரதங்களுக்கு சாயம் ஏத்திப் பார்க்கிறது. எஸ்-100, சாக்ஸ்-10 ரெண்டும் பளிச்னு பாசிட்டிவ், மெலன்-ஏ அங்கங்க லேசா. மெலனோமாதான். ஆனா சீவி எடுத்ததுல அடிவரைக்கும் கட்டி இருந்ததால பிரெஸ்லோ ஆழத்தை, அதாவது கட்டி தோலுக்குள்ள எவ்வளவு ஆழம் போயிருக்குங்கிறதை, முழுசா அளக்க முடியல, "குறைஞ்சது இவ்வளவு"ன்னுதான் எழுத முடிஞ்சது. எவ்வளவு அகலமா வெட்டணும், கேன்சர் பரவியிருக்கான்னு நிணநீர் முடிச்சை டெஸ்ட் பண்ணணுமான்னு முடிவு பண்றது முக்கியமா அந்த மில்லிமீட்டரை வச்சுத்தான், அதான் கடுப்பு. ஆபரேஷன், நிணநீர் டெஸ்ட் எல்லாம் நல்லபடியா முடிஞ்சது.

உங்க வீட்ல யாருக்காவது மேல எழும்பி, கெட்டியா, வாரக்கணக்குல வளர்ந்துக்கிட்டே போற கட்டி இருந்தா கலரை மட்டும் பார்த்து விட்டுடாதீங்க. சுடறேன், உறைய வைக்கிறேன்னு சொன்னா முதல்ல பயாப்ஸின்னு நில்லுங்க. முடிஞ்சா முழுசா வெட்டி எடுக்கச் சொல்லுங்க, உள்ளங்கால் மாதிரி இடத்துல பெருசா இருந்து முடியலன்னா நல்லா ஆழமா எடுக்கச் சொல்லிக் கேளுங்க. ஃபார்ம்ல "மெலனோமா சந்தேகம்"னு எழுதியிருக்கான்னு பார்த்துட்டு அனுப்புங்க, தொடக்கத்துல இருந்து எடுத்த போட்டோ இருந்தா அதையும் சேர்த்து.

பிளாக்கை மறக்காம திருப்பி வாங்குங்க, பின்னாடி எந்த மருந்து ஒத்துவரும்னு பார்க்க பிராஃப் (BRAF), கிட் (KIT) ஜீன் டெஸ்ட் கேட்டா அதுல இருந்துதான் எடுப்பாங்க. வெயில்ல நிக்கிற கார்ல மட்டும் வச்சுட்டுப் போயிடாதீங்க, மெழுகு அது.